பாட்டு காக்கும் ஆண்டும், பாட்டு சொல்லாத காரணமும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து கலைத் திருவிழா நடைபெற்று வருகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பாடங்களைக் கலைகளோடு இணைத்துக் கற்பிக்கச் சொல்கிறது. இவற்றுக்குப் பிறகு, வரலாற்றைப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம் என்ற பேச்சு ஆசிரியர் கூட்டங்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் அடிக்கடி எழுகிறது. எஸ்.பி.பட்டினம் தொடங்கி ரோச்மாநகர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில், பிள்ளையைப் படிக்கவைத்துக் கரையேற்ற வேண்டும் என்று பாடுபடும் பெற்றோருக்கு இதில் மூன்று ஐயங்கள் எழுவது இயல்பு. இது பாடமா, ஆண்டுவிழா ஒத்திகையா? பாட்டில் கற்றதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா? பாட்டு சொல்வதெல்லாம் நடந்ததுதானா?

மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டுக்கும் அடிப்படை. அதற்கு விடை தெரிந்தால் மற்றவை தாமே தெளிவாகும்.

ஒரே பெயரில் இரு வேறு வேலைகள்

பாட்டின் வழி வரலாறு என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு முறைகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. மெட்டில் இட்ட பாடம்: பாடநூலில் உள்ள செய்தியை இன்றைய ஆசிரியரோ மாணவரோ பாட்டாகக் கட்டுவது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் ஆத்திசூடியும் ஓசையோடு ஓதப்பட்டது இதே காரணத்துக்காகத்தான். மனத்தில் நிற்க வைப்பதே இதன் நோக்கம்.

2. காலத்தின் பாட்டு: ஒரு நிகழ்ச்சியின் சூடு ஆறாத காலத்தில் மக்கள் பாடி, அடுத்தடுத்த தலைமுறையின் வாய்க்கு வந்து சேர்ந்த பாட்டு. கதைப்பாடல், அம்மானை, முளைப்பாரிக் கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, கடல் தொழிலாளர் பாடும் அம்பா எல்லாம் இந்த வகை. இது கல்வெட்டையும் செப்பேட்டையும் போல ஒரு சான்று. சான்றை விசாரிக்க வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அதனால் பயனில்லை.

நாட்டுப்பண்ணும் தமிழ்த்தாய் வாழ்த்தும் இவ்விரண்டிலும் சேராதவை. 52 விநாடியிலும் 55 விநாடியிலும் பாடி முடிக்கப்படும் அப்பாடல்கள் மரியாதைக்கும் ஒன்றிணைவுக்கும் உரியவை. அவற்றுக்கென்று ஒரு வரலாறு உண்டு என்றாலும், காலை வழிபாட்டில் அவற்றைப் பாடுவதனாலேயே பிள்ளை வரலாறு கற்றுவிடுவதில்லை.

குழப்பம் முழுவதும் முதல் வகையை இரண்டாவதாகவும், இரண்டாவதை முதலாகவும் எடுத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. கதைப்பாடலை அப்படியே மனப்பாடம் செய்த பிள்ளை, அதில் வரும் லட்சம் பேர் கொண்ட படையை நடந்த கணக்கென்று தேர்வில் எழுதுகிறது. நேற்று வகுப்பில் கட்டிய பாட்டை மூதாதையர் பாடியது என்று மேடையில் அறிவிக்கிறார்கள். இரண்டுமே பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு.

மெட்டு நினைவில் என்ன செய்கிறது

உரைநடையில் ஒரு சொல்லை மறந்தால் அந்த இடத்தில் எந்தச் சொல்லும் வந்து நிற்கலாம். பாட்டில் அப்படி முடியாது. எதுகை இரண்டாம் எழுத்தைக் கட்டுகிறது, மோனை முதல் எழுத்தைக் கட்டுகிறது, தாளம் சொல்லின் நீளத்தைக் கட்டுகிறது. மூன்று பக்கமும் வேலி போட்ட இடத்தில் மறந்த சொல் பெரும்பாலும் தானே வந்து விழும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கான அடிகளைப் பாடியது இந்த ஏற்பாட்டின் துணையோடுதான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மெட்டு பிள்ளைக்கு முன்பே பழகியதாக இருக்க வேண்டும். புதிய மெட்டையும் புதிய செய்தியையும் ஒரே நாளில் கொடுத்தால் கவனம் மெட்டோடு போய்விடும், செய்தி தங்காது. முளைப்பாரித் திருவிழாவில் கும்மியடித்துப் பழகிய பிள்ளைகளுக்குக் கும்மி மெட்டே போதும். இசை ஆசிரியர் இல்லாத பள்ளியிலும் இது நடக்கும்.

எதுவரை நடக்கும் என்பதைச் சோதிக்க, இராமநாதபுரத்தின் கடைசித் தன்னாட்சி மன்னரான முத்துராமலிங்க சேதுபதியைப் பற்றி, இக்கட்டுரைக்காகவே கட்டிய நான்கு அடிகளைப் பார்க்கலாம்.

எழுபத்தி ரெண்டில் சிறுபிள்ளை – தாயோடு
ஏகினான் திருச்சிக் கோட்டைக்கு;
தொண்ணூத்தி அஞ்சில் பெருமன்னன் – மீண்டும்
துப்பாக்கி சூழ அதேகோட்டைக்கு.

இதை நான்கு முறை கும்மியடித்துப் பாடிய பிள்ளை 1772ஐயும் 1795ஐயும் எளிதில் மறக்காது. ஆர்க்காட்டு நவாபின் படையும் கும்பினி எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்த 1772இல், ஏறத்தாழப் பன்னிரண்டு வயதிலிருந்த அரசரும் அவருடைய தாயாரும் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பின்னர் விடுதலையாகி ஆட்சி செய்த அவரை 1795 பிப்ரவரியில் கும்பினி பதவியிறக்கி மறுபடியும் திருச்சிக்கே கொண்டுபோனது. அதன்பின் சென்னைக்கு மாற்றப்பட்டுச் சிறையிலேயே 1809இல் இறந்தார். தன் வயதையொத்த ஒரு பையன் சிறைக்குப் போனான் என்பது ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் மனத்தில் எப்படித் தைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த நான்கு அடிகளில் இல்லாததைப் பாருங்கள். நவாப் இல்லை. கப்பம் பற்றிய வழக்கு இல்லை. கும்பினியின் துணி வணிகத்துக்குச் சுங்கச் சலுகை தர மன்னர் இணங்காதது இல்லை. சிவகங்கையோடு அவருக்கிருந்த பகை, அதைக் கும்பினி தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது, எதுவுமே இல்லை. எப்போது, எங்கே, யார் என்ற மூன்றையும் மெட்டு சுமந்துவிட்டது. ஏன் என்பதைச் சுமக்கவில்லை. இன்னும் நான்கு அடி சேர்த்தாலும் சுமக்காது. ஏனென்றால் காரணம் என்பது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பல செய்திகளின் உறவு. கும்மியின் ஓட்டத்தில் அந்தப் பின்னலை நிறுத்தி விளக்க இடமில்லை. ஆகவே மெட்டில் இட்ட பாடம் பாடத்தின் முதல் பத்து நிமிடம் மட்டுமே. மீதி நேரம் பேச்சுக்கும் படிப்புக்கும் உரியது.

காலத்தின் பாட்டு: இந்தக் கரையில் கிடைப்பவை

இரண்டாம் வகையில் இராமநாதபுரம் கடற்கரைக்குக் குறைவே இல்லை. நாட்டின் வரலாறு தில்லியிலோ கொல்கத்தாவிலோ நடந்தது என்று எண்ணும் பிள்ளைக்கு, தன் ஊர்க் கடலைப் பற்றியே பாட்டு இருக்கிறது என்று காட்ட முடியும்.

*பாம்பன் நீரிணையில் நடந்த போர்*

மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், தம் தளபதி இராமப்பய்யனை, இராமநாதபுரம் பகுதியான சேதுநாட்டை ஆண்ட சடைக்கன் சேதுபதியின்மேல் அனுப்பினார். 1639ஐ ஒட்டி நடந்த அந்தப் போரைப் பாடுவது இராமப்பய்யன் அம்மானை. அம்மானை என்பது பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்து ஆடும் ஆட்டத்தின் பாட்டு. பின்னாளில் நீண்ட கதை சொல்லும் பாட்டுக்கும் அந்தப் பெயரே வந்தது.

கதையின் பெரும்பகுதி நம் பிள்ளைகள் தினமும் பார்க்கும் இடங்களில் நடக்கிறது. சேதுபதி இராமேசுவரம் தீவுக்குள் பின்வாங்குகிறார். இராமப்பய்யன் கடலை அடைத்து வழி போட முயல்கிறார். பறங்கியர், அதாவது போர்த்துக்கீசியர், நாயக்கர் பக்கம் கப்பலோடு வருகிறார்கள். சேதுபதியின் மருமகனும் வீரனுமான வன்னியன் நோயில் விழுகிறான். சேதுபதி பிடிபட்டு மதுரைச் சிறைக்குப் போகிறார். இறுதியில் தெய்வ அருளால் விலங்கு அறுபடுகிறது. நாயக்கர் அவரை விடுவித்து நாட்டையும் திருப்பித் தருகிறார்.

ஓர் ஆசிரியருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது என்றே சொல்வேன். சடைக்கன் விடுதலையானது வரலாறு. ஏன் விடுதலையானார் என்பதில் பாட்டும் வரலாற்றாசிரியர்களும் பிரிகிறார்கள். அவருக்குப் பதிலாக நாயக்கர் ஆதரித்த தம்பி என்பவரால் சேதுநாட்டை அடக்கி ஆள முடியவில்லை. யாத்திரை வழி பாதுகாப்பற்றுப் போனது. இராமேசுவரத்துக்கு வந்த யாத்திரிகர்கள் மதுரையில் முறையிட்டார்கள் என்பது வரலாற்று நூல்கள் தரும் விளக்கம். பாட்டைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. தோற்றுச் சிறைப்பட்ட ஒரு தலைவரின் மானத்தைக் காக்க, அவரை மனிதர் தயவால் விடுவிக்காமல் தெய்வத்தின் கையால் விடுவித்தார்கள் சேதுநாட்டு மக்கள். சிறையில் என்ன நடந்தது என்பதற்கு அந்த விலங்கு சான்றாகாது. சேதுபதியை மக்கள் எப்படி மதித்தார்கள் என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேறில்லை. இந்த வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும். புரியாது என்று நாம்தான் எண்ணிக்கொள்கிறோம்.

படையின் எண்ணிக்கைக்கும் இதே விளக்கம் பொருந்தும். 1930களில் யூகோஸ்லாவியாவின் கதைப்பாடகர்களை ஆராய்ந்த மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும், பாடகர் கதையைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்வதில்லை என்றும், தயாராகக் கையிலிருக்கும் தொடர்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறார் என்றும் காட்டினார்கள். நம் கதைப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் பெரும்படை வருணனைகளும் அப்படிப்பட்ட தொடர்களே. அவற்றில் ஓசை இருக்கும், தலைக்கணக்கு இருக்காது.

*இராமலிங்க விலாசத்தில் ஒரு சந்திப்பு*

பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைக் கலெக்டர் ஜாக்சன் ஊர் ஊராக அலையவிட்டு, 1798 செப்டம்பரில் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாச மண்டபத்தில் சந்தித்தார். கைகலப்பில் லெப்டினண்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மன் தப்பினார். கதைப்பாடல்கள் இந்த இடத்தில் வீரத்தைப் பாடிக் கொட்டுகின்றன. ஆவணங்கள் வேறொன்றைச் சேர்க்கின்றன. கும்பினி அரசே ஒரு குழுவை அமைத்து விசாரித்து, ஜாக்சன்மேல் தவறு கண்டு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. எதிரியின் அலுவலகத் தாளிலேயே நம் பக்கத்து நியாயம் பதிவாகியிருப்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? பாட்டை மட்டும் கற்ற பிள்ளைக்கு அது தெரியாமலே போகும். அந்த மண்டபம் இன்று தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது. கரையோரப் பள்ளிகளிலிருந்து ஒரு நாளில் போய்ப் பார்த்துத் திரும்பலாம்.

*ஒரு மன்னர், இரண்டு நினைவு*

கிழவன் சேதுபதி (1671–1710) கீழக்கரை நினைவில், செத்தும் கொடுத்தவர் என்று பழமொழியான வள்ளல் சீதக்காதியின் தோழர். அதே மன்னரின் காலத்தில், 1693 பிப்ரவரி 4ஆம் நாள், ஓரியூரில் கிறித்தவப் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டப்பட்டார். ஓரியூரின் பக்திப் பாடல்களுக்கு அந்தப் பாதிரியார் வேதசாட்சி. கீழக்கரைப் பிள்ளையும் ஓரியூர்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, தத்தம் வீட்டுப் பாட்டைச் சொல்லி, இருவர் சொல்வதும் ஒரே மன்னரைப் பற்றித்தான் என்று கண்டுகொள்ளும் நேரம், எந்தப் பாடநூலும் தர முடியாத வரலாற்று வகுப்பு.

*கோப்பிக் கன்று நட்ட மலை*

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் வறண்ட சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெருந்தொகையினர் இந்தக் கரையில்தான் தோணி ஏறினார்கள். மன்னார் பக்கம் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். பசிக்கும் காலராவுக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஏராளம். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் இராமேசுவரம் தீவு அந்தப் போக்குவரத்தின் வாசல் ஆனது. போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதித்த மண்டபம் முகாம்தான், 1983க்குப் பிறகு எதிர்த்திசையில் வந்த இலங்கைத் தமிழ் அகதிகளைத் தாங்கிய இடம்.

மலையகத் தொழிலாளரிடையே வழங்கிய ஒரு நாட்டார் பாடல், கோப்பிக் கன்று நட்ட ஒரு மலையைக் காட்டி, அண்ணனை இழந்த மலை அதோ தெரிகிறது என்று சொல்கிறது. அதில் ஆண்டு இல்லை, ஊர் இல்லை, அண்ணன் பெயரும் இல்லை. ஆனால் கோப்பி என்ற ஒரு சொல் இருக்கிறது. இலங்கையில் காப்பிச் செடியை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது 1869இல். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. ஆகவே கோப்பிக் கன்று நட்டதைச் சொல்லும் அந்த நினைவு தேயிலைக்கு முந்தியது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வாயிலேயே பிழைத்து வந்தது.

ஒரு சொல்லைக் கொண்டு ஒரு பாட்டின் வயதைக் காண முடியும் என்று பிள்ளைக்கு ஒருமுறை காட்டிவிட்டால், அதற்குப் பிறகு அது எந்தப் பாட்டையும் சும்மா கேட்காது. கங்காணி, துரை, லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), கும்பினி, பறங்கி என்று ஒவ்வொரு சொல்லும் எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது என்று கேட்கத் தொடங்கும். மற்ற எல்லாப் பயன்களையும்விட இதையே பெரிதாக மதிக்கிறேன்.

ஒரு கயிறும் ஒரு பாட்டும்: வகுப்பறையில்

கரைவலை இழுக்கும்போதும் தண்டு (துடுப்பு) வலிக்கும்போதும் பாடும் அம்பாவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ வாங்கிப் பாடுவது அதன் அமைப்பு. இதை மேடையில் ஆடைகட்டி ஆடுவதைவிட, ஒரு பாடவேளையில் வகுப்பின் நடுவே ஒரு நைலான் கயிற்றைப் போட்டுச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

ஒரு முனையைச் சன்னல் கம்பியிலோ தூணிலோ கட்டி, மறுமுனையைப் பத்துப் பிள்ளைகள் பிடிக்கட்டும். பாட்டில்லாமல் இழுக்கும்போது ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு நேரத்தில் போகும்; கயிறு ஆடுமே தவிர இறுகாது. பிறகு ஒரு பிள்ளை அடியெடுக்க, ஐலசா என்ற சொல்லில் மட்டும் எல்லோரும் இழுக்கட்டும். கயிறு விண்ணென்று நிற்கும். அடியெடுப்பவர் வேகத்தைக் கூட்டினால் பின்வரிசைப் பிள்ளைகள் தாளத்தைத் தவறவிடுவார்கள், கயிறு உடனே தொய்ந்துவிடும். பாட்டு களைப்பு தெரியாமலிருக்கப் பாடுவது என்று மட்டும் நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, அது பலர் கையை ஒரு கையாக்கும் கருவி என்பது உள்ளங்கை எரியும்போதே விளங்கும்.

அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்: இப்போது ஏன் இதைப் பாடுவதில்லை? 1960களிலிருந்து விசைப்படகு பெருகியது. தண்டு வலித்த இடத்தில் இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்குத் தாளம் தேவையில்லை. வேலை போனதும் பாட்டும் போனது. விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் இடையே இன்றுவரை தீராத பிணக்கும், பெண்கடல் என்று இங்கே சொல்லும் பாக் நீரிணைப் பக்கத்திலும் ஆண்கடலான மன்னார் வளைகுடாப் பக்கத்திலும் தொழில் மாறிய விதமும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்கும். பாட்டு மறைந்ததும் வரலாற்றின் ஒரு செய்தி.

எந்தப் பாட்டாயினும் வகுப்பில் கேட்க வேண்டியவற்றை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

1. இதைப் பாடியது யார், யாரிடம் பாடினார்கள், எந்த வேலையின்போது அல்லது எந்தச் சடங்கில்?

2. பாட்டிலுள்ள எந்தச் சொல் அதன் காலத்தைக் காட்டுகிறது?

3. பாட்டு யாருடைய பக்கம் நிற்கிறது? எதிர்ப்பக்கத்தார் இதே நிகழ்ச்சியைப் பாடினால் எந்த அடி மாறும்?

4. ஏன் நடந்தது என்பதைப் பாட்டு சொல்கிறதா? சொல்லாவிட்டால் எங்கே தேட வேண்டும்?

5. பாட்டில் பெயரே வராத மனிதர்கள் யார்?

ஐந்தையும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். நான்காவதை மட்டும் எந்த நாளும் விட்டுவிடக் கூடாது.

சொல்லுக்குள் சொல் ஒளிந்திருக்கும் பாட்டும் உண்டு. விடுதலைப் போராட்டக் காலத்தில் நாடக மேடைப் பாடகர் விஸ்வநாததாஸ், ஒரு குழந்தையைப் பார்த்துக் கொக்கு பறக்கிறது என்று பாடினார். அவர் பிறந்த சிவகாசி அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. கொக்கு வெள்ளை நிறம். கடல் தாண்டி வந்து நம் மீனைக் கொத்துவது. கேட்ட கூட்டத்துக்கு அது வெள்ளைக்காரன் என்று உடனே புரிந்தது, காவல்துறைக்கும் புரிந்தது; இப்படிப் பாடியதற்காகவே அவர் பலமுறை சிறை சென்றார். பிள்ளைப் பாட்டுப் போல் தோன்றும் ஒன்றைப் பாடியவரை ஏன் சிறையில் வைத்தார்கள் என்று கேட்டால், தடைச் சட்டம், நாடகக் கொட்டகை, கூட்டத்தின் கூர்மை எல்லாம் பிள்ளையின் வாயிலிருந்தே வெளிவரும்.

எங்கே தவறுகிறது

மதிப்பெண் பற்றிய பெற்றோரின் கேள்விக்கு நேரான பதில் உண்டு. தமிழ்நாட்டில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான தொடக்ககாலக் கிளர்ச்சிகள் பத்தாம் வகுப்பிலேயே பாடமாக இருக்கின்றன. ஆண்டும் இடமும் பெயரும் கேட்கும் வினாக்களுக்கு மெட்டில் இட்ட பாடம் உதவும். காரணம் கேட்கும் நெடுவினாவுக்கு உதவாது. பாட்டோடு நிறுத்திவிட்ட வகுப்பு, பிள்ளையை ஒரு மதிப்பெண் வினாவுக்கு மட்டுமே ஆயத்தம் செய்கிறது.

அதைவிட ஆபத்தான தவறு ஒன்று உண்டு. இந்த மாவட்டத்தில் அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரு வீரரை ஒரு சாதியின் சொத்தாக்கிப் பாடும் பாட்டுகள் ஒலிபெருக்கியிலும் கைப்பேசியிலும் பெருகிவிட்டன. அவை பழைய கதைப்பாடலின் மெட்டை எடுத்துக்கொண்டு, பழைய பாட்டில் இல்லாத பெருமையையும் பகையையும் உள்ளே வைக்கின்றன. மெட்டு நினைவில் ஆழமாகப் பதிக்கும் என்று மேலே சொன்னோம். அது வெறுப்பையும் அதே ஆழத்தில் பதிக்கும். ஒரு பாட்டை வகுப்புக்குள் கொண்டுவருமுன் ஆசிரியர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த வகுப்பிலுள்ள எந்தப் பிள்ளையாவது இதைப் பாடும்போது தலைகுனியுமா? குனியும் என்றால் அந்தப் பாட்டு அங்கே வேண்டாம். அத்தகைய பாட்டைச் சான்றாக வைத்து விசாரிப்பது மேல்நிலை வகுப்பில், மிகுந்த கவனத்தோடு, பாடாமல் படித்து மட்டுமே செய்யத்தக்கது.

ஒப்பாரியை மேடையேற்றுவதும் தவறு. அது ஒரு பெண் தன் வீட்டு இழப்புக்காக அழுதது. போட்டியில் பரிசு வாங்குவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

தனுஷ்கோடிக்கு ஒரு பாட்டு

பழைய பாட்டை விசாரிக்கக் கற்ற பிள்ளைகள், தாங்களே ஒரு சான்றைத் தொகுக்கலாம். அதற்கு இந்தக் கரையில் காத்திருக்கும் பொருள் 1964.

அந்த ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், ஊரை எட்டுமுன் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலில் அடித்துச் செல்லப்பட்டது. பாம்பன் பாலம் சிதைந்து, 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடி மட்டும் திரும்ப எழவில்லை. வாழத் தகாத இடம் என்று அறிவிக்கப்பட்டது. அன்று பத்து வயதாயிருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களில் பலர் இராமேசுவரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள்தான் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செய்முறை எளிது. பிள்ளை தன் தாத்தாவிடமோ அப்பத்தாவிடமோ முதலில் அனுமதி கேட்க வேண்டும். பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் காற்று முதலில் அடித்தது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஏறியது, எதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள் என்று சிறு சிறு கேள்விகளே போதும். பெரிய கேள்விக்குப் பெரியவர்கள் செய்தித்தாளில் படித்ததைச் சொல்வார்கள். சிறிய கேள்விக்குத்தான் கண்ணால் கண்டதைச் சொல்வார்கள். வகுப்பு முழுவதும் கொண்டுவந்ததை ஒன்றாக வைத்து, பழகிய மெட்டொன்றில் கட்டலாம். இருவர் சொல்வது முரண்பட்டால் ஒன்றை அடித்துவிட வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்த அடியாகவே வைக்கலாம். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை சமுதாய வானொலி போன்ற ஊடகங்கள் அருகிலேயே இருப்பதால், சொன்னவர்கள் இசைந்தால் பாட்டை ஊரே கேட்கும்படியும் செய்யலாம்.

பாட்டை எழுதி முடித்த தாளில், ஒவ்வோர் அடிக்கும் நேரே இரண்டு செய்திகளைப் பிள்ளைகள் குறித்து வைக்க வேண்டும்: சொன்னவருக்கு அன்று என்ன வயது, அந்த இரவில் அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார்.